ஒன்றுக்கு ஒன்று: கிழக்கு ஜேர்மன் மார்க்கின் கதை

எங்கள் வாசிப்பு வட்டத்தின் இணையவழிச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றவில்லை.



போன சந்திப்பில் கடன், வட்டி பற்றிக் கதைச்சம். முடியிற நேரத்தில் ஒரு தோழர் கேட்டவர்: "காசு எண்டது அரசாங்கம் அடிக்கிற தாள்தானே, அதில என்ன பெரிய அரசியல்?" நல்ல கேள்வி. அதுக்குப் பதிலாக ஒரு தத்துவம் சொல்லாமல், 42 வருஷம் உயிரோட இருந்து ஒரே இரவில் செத்துப்போன ஒரு காசின் கதையைச் சொல்லலாம் எண்டு வந்திருக்கிறன்.

ஜேர்மனியில் வளர்ந்த எங்கட வயதுப் பிள்ளைகளுக்கு யூரோதான் தெரியும். அப்பா அம்மா இன்னும் விலை கேட்டால் "அப்ப மார்க்கில எவ்வளவு?" எண்டு மனசுக்குள்ள பெருக்கிப் பார்ப்பினம். ஆனால் அவை நினைக்கிறது மேற்கு மார்க். நான் சொல்லப்போறது மற்ற மார்க்: ஜேர்மன் சனநாயகக் குடியரசு எண்டு பெயர் வைத்திருந்த கிழக்கு ஜேர்மனியின் மார்க். இப்ப பொருளாதார வரலாறு படிக்கிறபடியால் இதுக்குள்ள கொஞ்சக் காலமாக மூழ்கிக் கிடக்கிறன். எங்கட சனத்தின்ர கதையும் இதுக்குள்ள ஒரு இடத்தில் வருது. அந்த இடம் வரும்போது சொல்லுறன்.

நாட்டுக்கு முன்னம் காசு பிரிந்தது

போர் முடிந்த பிறகு ஜேர்மனி நாலு வல்லரசுகளின் கையில் இருந்தது. பழைய ரைஷ்மார்க் பெறுமதி இழந்து, சந்தையில் சிகரெட்டே காசு மாதிரிப் புழங்கிய காலம். 1948 யூன் 20 அன்று மேற்கு வலயங்களில் டொய்ச்ச மார்க் வந்தது. ஆளுக்கு 40 மார்க் கையில் கொடுத்தார்கள். மேற்கில் செல்லாத பழைய தாள்கள் எல்லாம் கிழக்குக்குப் பாயும் என்ற பயத்தில், சில நாட்களுக்குள் சோவியத் வலயமும் தன் காசை மாற்றியது. ஆனால் புதுத் தாள் அடிக்க நேரமில்லை. பழைய ரைஷ்மார்க் தாளில் ஒரு சின்னக் கூப்பனை ஒட்டி "இதுதான் புதுக் காசு" என்றார்கள். சனம் அதை ஒட்டு மார்க் என்று பகிடி பண்ணியது. யூலையில்தான் ஒழுங்கான தாள்கள் வந்தன.

அதே யூன் 24ஆம் திகதி மேற்கு பேர்லினுக்கான தரைவழிகளைச் சோவியத் படை மூடியது. பேர்லின் முற்றுகை என்று பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்கள். எந்த மார்க் பேர்லினில் செல்லும் என்ற சண்டைதான் அதன் உடனடிக் காரணம். இரண்டு அரசுகள் பிரகடனமானது 1949இல். அதாவது நாடு பிரிவதற்கு ஒரு வருஷம் முன்பே காசு பிரிந்துவிட்டது.

கிழக்குக் காசுக்கு இரண்டு தரம் பெயர் மாறியது. முதலில் அதுவும் டொய்ச்ச மார்க்தான். 1964இல் ஜேர்மன் நோட்டு வங்கியின் மார்க் ஆனது. 1968இலிருந்து கடைசி வரை ஜே.ச.கு. மார்க். இடையில் 1957 ஒக்ரோபர் 13, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரசு முன்னறிவித்தல் இல்லாமல் எல்லாத் தாளையும் ஒரே நாளில் மாற்றியது. மேற்கு பேர்லினில் தேங்கிக் கிடந்த கிழக்குக் காசைச் செல்லாமல் ஆக்குவது நோக்கம். ஆளுக்கு 300 மார்க் வரைதான் கையோடு மாற்றலாம். மிச்சத்தை வங்கியில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று கேள்வி வந்தால் பதில் சொல்லவேணும்.

எழுபதுகளில் வந்த தாள்களை எடுத்துப் பார்த்தால் எங்களைப் போன்ற ஆட்களுக்கு ஒரு சந்தோசம் வரும். 5 மார்க்கில் விவசாயிகள் எழுச்சியின் தோமஸ் மூன்ற்சர். 10இல் கிளாரா செட்கின். 20இல் கேத்தே. 50இல் எங்கெல்ஸ். 100இல் கார்ல் மார்க்ஸ். காசில்லாத சமூகத்தைக் கனவு கண்டவரின் முகம் அந்த நாட்டின் மிகப் பெரிய தாளில். 200, 500 மார்க் தாள்களும் எண்பதுகளில் அடித்தார்கள், ஆனால் புழக்கத்துக்கு விடவில்லை. அவை கதையின் முடிவில் திரும்ப வரும்.

அந்தக் காசால் என்ன செய்யலாம், என்ன செய்யேலாது

ஒரு சின்னப் பாண் 5 பெனிக். பேர்லினில் ட்ராம் 20 பெனிக். வாடகை சம்பளத்தின் ஒரு சின்னத் துண்டு. இந்த விலைகள் பல பத்து வருஷம் அசையவே இல்லை. பாண், பால், வாடகை, பிள்ளைப் பராமரிப்பு இவை சந்தைக்கு விடாத விஷயங்கள். அந்தத் தாள் பாதி காசு, பாதி பங்கீட்டு அட்டை என்று யோசிச்சுப் பாருங்கோ, விளங்கும்.

மறுபக்கம்: ட்ராபான்ட் கார் வாங்க பத்து வருஷத்துக்கும் மேல் காத்திருக்கவேணும். கையில் காசு இருக்கும், கடையில் சாமான் இருக்காது. அந்த மார்க்கை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது. உலகத்தில் எந்த வங்கியும் அதை ஒழுங்காக மாற்றித் தராது. காசு மட்டுமில்லை, அந்தக் காசை உழைச்ச ஆளும் எல்லை தாண்டேலாது. 1961இலிருந்து மதில். தாண்டப் போனவர்களைச் சுட்டார்கள். இடதுசாரிகள் இதை மெல்லமாகச் சொல்லிவிட்டு 5 பெனிக் பாணுக்குத் தாவுவதை நான் நிறையக் கண்டிருக்கிறன். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்லவேணும்.

அதைவிடக் கொடுமை, சமத்துவம் பேசிய அந்த அரசே தன் காசை நம்பவில்லை. இன்ரர்ஷொப் என்று கடைகள் இருந்தன. அங்கே மேற்குக் கோப்பி, மேற்குச் சவர்க்காரம், ஜீன்ஸ் எல்லாம் கிடைக்கும். ஆனால் மேற்குக் காசு கொடுக்கவேணும். 1974இலிருந்து கிழக்குக் குடிமக்களும் சட்டப்படி மேற்குக் காசு வைத்திருக்கலாம். ஆகவே மேற்கில் மாமியோ சித்தப்பாவோ இருக்கிற குடும்பத்துக்கு ஒரு வாழ்க்கை, இல்லாத குடும்பத்துக்கு இன்னொரு வாழ்க்கை. இது எங்களுக்குத் தெரியாத உலகமே? வெளிநாட்டுக் காசு வருகிற வீடும் வராத வீடும் ஒரே ஒழுங்கையில் எப்படி இருக்கும் என்று எங்கட ஊரைப் பார்த்த ஆருக்கும் தெரியும்.

அதே போல, மேற்கிலிருந்து பார்க்க வருகிற ஆள் 1980 இறுதியிலிருந்து ஒரு நாளைக்கு 25 மேற்கு மார்க்கைக் கட்டாயமாக ஒன்றுக்கு ஒன்று மாற்றவேணும். ஆனால் அரசின் உள் கணக்கில் அந்த வீதம் இல்லை. ஏற்றுமதியில் ஒரு மேற்கு மார்க் சம்பாதிக்க, எண்பதுகளின் கடைசியில் ஏறத்தாழ 4.40 கிழக்கு மார்க் செலவானது. இந்த 4.40 என்ற இலக்கத்தை மனசில் வைச்சிருங்கோ. மிச்சக் கதை முழுக்க அதில்தான் தொங்குது.

இந்தக் காசுக்காக உழைத்த மற்ற ஆட்கள்

கிழக்கு ஜேர்மனியில் ஆட்பற்றாக்குறை. வியட்நாம், மொசாம்பிக், அங்கோலா, கியூபா போன்ற நாடுகளிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். 1989இல் அப்படி ஏறத்தாழ 90,000 பேர், அதில் 60,000 அளவில் வியட்நாமியர்கள். தனி விடுதிகளில் இருந்தார்கள். பெண்கள் கர்ப்பமானால் கருவைக் கலைக்கவேணும், இல்லாட்டி நாட்டுக்குத் திரும்பவேணும் என்று 1989 வரை விதி இருந்தது.

மொசாம்பிக் தொழிலாளர்களின் கதை காசோடு நேரடியாகச் சேர்ந்தது. 1979இல் போட்ட ஒப்பந்தத்தின்படி வந்தவர்களின் சம்பளத்தில் ஒரு பெரிய பகுதியை, ஒரு கட்டத்தில் 60 வீதம் வரை, பிடித்து வைத்தார்கள். "ஊருக்குப் போனதும் கிடைக்கும்" என்றார்கள். அந்தக் காசு உண்மையில் எல்லை தாண்டிப் போகவில்லை. மொசாம்பிக் அரசு கிழக்கு ஜேர்மனிக்குக் கொடுக்கவேண்டிய கடனில் கழிக்கப்பட்டது. ஒரு தோழமை நாடு இன்னொரு தோழமை நாட்டின் கடனைத் தொழிலாளியின் சம்பளத்தில் வசூலித்தது. திரும்பிப் போனவர்களை அங்கே மட்ஜெர்மான்கள் என்று சொல்லுவார்கள். தலைநகர் மபூட்டோவில் அவர்கள் பல பத்து வருஷமாக அந்தக் காசைக் கேட்டு ஊர்வலம் போகிறார்கள். காசு செத்துவிட்டது, கடன் சாகவில்லை.

850 மில்லியனும் தமிழரும்

இப்ப எங்கட ஆட்களின் இடம். 1983 யூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து வெளிக்கிட்ட தமிழர்களில் கனபேர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்துக்கு வந்தார்கள். கிழக்கு ஜேர்மனி இடைவழி விசா கொடுத்தது. அங்கிருந்து பிரீட்றிஷ்ஸ்ட்ராஸ ஸ்டேசனில் ரயில் ஏறி மேற்கு பேர்லினில் இறங்கினால் அகதி விண்ணப்பம் போடலாம். மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பரிசோதனை இல்லை. ஏன் தெரியுமே? பரிசோதித்தால் அது ஒரு சர்வதேச எல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், மேற்கு ஜேர்மனி அதை ஒத்துக்கொள்ளாது. பனிப்போர் விட்டுவைச்ச அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளால்தான் கன குடும்பங்கள் வந்து சேர்ந்தன. இஞ்ச இருக்கிற சில தோழர்களின் பெற்றோரும் அப்படி வந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கோ.

அந்த ஓட்டையை அடைக்கவேணும் என்று மேற்கு ஜேர்மனி கேட்டது. கிழக்குக்குத் தேவையாக இருந்தது மேற்குக் காசு. இரண்டு ஜேர்மனிகளுக்கும் இடையிலான வியாபாரத்தில் ஸ்விங் என்று ஒரு வட்டியில்லாக் கடன் வசதி இருந்தது. கிழக்குக்கு அது உயிர்த்தண்ணி. 1985 யூலையில் அந்தக் கடனின் உச்ச எல்லையை 600 மில்லியனிலிருந்து 850 மில்லியனாக உயர்த்த இணங்கினார்கள். அதே மாதம் கிழக்கு ஜேர்மனி, அடுத்த நாட்டு விசா இல்லாத இலங்கைத் தமிழருக்கு இனி இடைவழி இல்லை என்று அறிவித்தது. இரண்டையும் சேர்த்தே பேசினார்கள் என்பது வரலாற்றாய்வுகளில் பதிவான விஷயம். அடுத்த வருஷம் 1986 ஒக்ரோபரில் மற்ற நாட்டு அகதிகளுக்கும் அதே கதவு மூடியது.

நான் இதை முதல் முதல் வாசிச்சபோது கன நேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருந்தன். எங்கட அகதி வரலாற்றை நாங்கள் போர், இனப்படுகொலை, சட்டம் இவற்றின் வழியாகத்தான் சொல்லுறம். அது சரி. ஆனால் ஒரு வழி எப்ப திறக்கும், எப்ப மூடும் என்று தீர்மானித்ததில், எவராலும் மாற்ற ஏலாத ஒரு காசுக்கும் பங்கு இருந்தது. தன் காசு வெளியில் செல்லாத நாடு, வேறு எதையாவது விற்கவேணும். அந்த மாதம் அது விற்றது எங்கட ஆட்களின் வழியை.

ஒரே இரவு

1989 நவம்பர் 9 மதில் திறந்தது. மேற்குக்கு வந்த ஒவ்வொருவருக்கும் 100 மேற்கு மார்க் வரவேற்புக் காசு. அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவர்களுக்கு, தங்கள் பையிலிருந்த அலுமினியக் காசு எவ்வளவு லேசானது என்று முதல் தரம் கையில் உறைத்தது. 1990 தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,000 பேர் மேற்குக்குக் குடிபெயர்ந்தார்கள். லைப்சிக் ஊர்வலங்களில் ஒரு கோசம் எழுந்தது: மேற்கு மார்க் எங்களிடம் வந்தால் இருப்பம், வராவிட்டால் நாங்கள் அதனிடம் போவம் என்ற பொருளில்.

இதைக் கேட்டு "சனம் வாழைப்பழத்துக்கு விலைபோனது" என்று சொல்லுகிற இடதுசாரிகள் அப்பவும் இருந்தார்கள், இப்பவும் இருக்கிறார்கள். நான் அதோடு உடன்படேல்லை. 40 வருஷம் வேலை செய்து சேர்த்த காசுக்கு உலகத்தில் ஒரு கோப்பி வாங்கேலாது என்றால், செல்லுகிற காசு கேட்பது பேராசை இல்லை. எங்கட பெற்றோரும் செல்லுகிற காசைத் தேடித்தான் பனியில் வேலை செய்தவை.

பெப்ரவரி தொடக்கத்தில் மேற்கின் பிரதமர் ஹெல்முட் கோல் நாணய ஒன்றிப்பை முன்வைத்தார். மார்ச் 18 தேர்தலில் அவர் பக்கக் கூட்டணி வென்றது. அதன் பிறகு சண்டை வீதத்தைப் பற்றி. மேற்கின் மத்திய வங்கி, இரண்டு கிழக்கு மார்க்குக்கு ஒரு மேற்கு மார்க் என்றது. ஏப்ரலில் கிழக்கு நகரங்களில் சனம் தெருவுக்கு இறங்கியது. கிழக்கின் சம்பளம் ஏற்கனவே மேற்கின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதைப் பாதியாக்கினால் ஆர் அங்கே இருப்பார்கள்?

மே 18 ஒப்பந்தம் கையெழுத்தானது, 1990 யூலை 1 நடைமுறைக்கு வந்தது. சம்பளம், ஓய்வூதியம், வாடகை எல்லாம் ஒன்றுக்கு ஒன்று. சேமிப்பில் பிள்ளைகளுக்கு 2,000 மார்க் வரை, பெரியவர்களுக்கு 4,000 வரை, 60 வயது தாண்டியவர்களுக்கு 6,000 வரை ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் இரண்டுக்கு ஒன்று. 10,000 மார்க் சேர்த்த 40 வயதுத் தொழிலாளிக்கு 7,000 மேற்கு மார்க் கிடைத்திருக்கும். கையில் இருக்கிற தாளை நேரே மாற்றேலாது, வங்கிக் கணக்கில் போட்டுத்தான் மாற்றவேணும். நள்ளிரவிலேயே பேர்லின் அலெக்சாண்டர்பிளாட்சில் ஒரு மேற்கு வங்கி கதவைத் திறந்தது, சனம் நெரிபட்டது. ஒரு நாடு தன் காசை விட்டுவிட்டது. நாடே இல்லாமல் போனது அதற்கு மூன்று மாதம் கழித்து, ஒக்ரோபர் 3. தொடங்கும்போது போலவே முடியும்போதும் காசுதான் முந்தியது.

அடுத்த நாள் காலை

இப்ப அந்த 4.40க்கு வாங்கோ. கொஞ்சம் எளிமையாக்கிச் சொல்லுறன். ஒரு குளிர்சாதனப் பெட்டி செய்ய ஒரு கிழக்குத் தொழிற்சாலைக்கு 440 கிழக்கு மார்க் செலவு என்று வையுங்கோ. அதை மேற்கில் 100 மார்க்குக்கு விற்றார்கள். இடைவெளியை அரசின் திட்டக் கணக்கு நிரப்பியது. யூலை 2, திங்கட்கிழமை காலை, அதே தொழிற்சாலை அதே பெட்டிக்குச் சம்பளமும் செலவும் மேற்கு மார்க்கில் கொடுக்கவேணும். வாங்குபவர் கொடுப்பது இன்னும் 100தான். இந்த அளவு பெறுமதி உயர்வை ஒரே இரவில் தாங்கக்கூடிய தொழிற்துறை உலகத்தில் எங்கேயும் இல்லை.

உள்ளூரிலும் வாங்க ஆள் இல்லை. அந்த வாரமே கடைத் தட்டுகளில் மேற்குச் சாமான்கள் நிறைந்தன. நல்ல பாலும் முட்டையும் இருந்தும் விற்கேலாமல் விவசாயிகள் ஓகஸ்டில் பேர்லினில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். சோவியத் ஒன்றியம், போலந்து, ஹங்கேரி போன்ற பழைய வாடிக்கையாளர்களும் 1991இலிருந்து வன்நாணயத்தில் கொடுக்கவேண்டி வந்ததும் விலகினார்கள். 1990 முடிவதற்குள் கிழக்கின் தொழிற்துறை உற்பத்தி முந்தைய வருஷத்தின் ஏறத்தாழ பாதிக்கு விழுந்தது. 1991 ஏப்ரல் கடைசியில் கடைசி ட்ராபான்ட் வெளியே வந்தது.

இன்னொரு விஷயம், ஆட்கள் அதிகம் பேசாதது: பழைய கடன். திட்டப் பொருளாதாரத்தில் ஒரு தொழிற்சாலையின் "கடன்" என்பது பெரும்பாலும் அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிற கணக்கு. இலாபத்தை அரசு எடுத்துக்கொள்ளும், முதலீட்டுக்குக் கடன் என்ற பெயரில் திருப்பிக் கொடுக்கும். நாணய ஒன்றிப்பில் அந்தக் கணக்கு இரண்டுக்கு ஒன்று வீதத்தில் உண்மையான மேற்கு மார்க் கடனாக மாறியது. விற்பனை நின்ற அதே நேரத்தில் வட்டி ஓடத் தொடங்கியது. அந்தக் கடன்களின் உரிமையோ, கிழக்கு வங்கிகளை வாங்கிய மேற்கு வங்கிகளுக்குப் போனது.

கேட்கப்பட்ட, ஆனால் காணாமல் போன கேள்வி

"வேறு வழி இருந்ததா?" என்று எப்பவும் கேட்பார்கள். செக்கோஸ்லோவாக்கியா தன் கொருனாவை வைத்திருந்து, 1990இல் அதன் பெறுமதியைக் குறைத்தது. செக் பகுதியில் தொண்ணூறுகளின் முதல் பாதியில் வேலையின்மை மிகக் குறைவு. ஆனால் சம்பளமும் குறைவாகத்தான் இருந்தது, பக்கத்தில் பணக்கார மேற்கு ஜேர்மனியின் ஓய்வூதியமும் இல்லை. 1991இல் ஜோர்ஜ் அக்கர்லோவ், ஜேனட் யெலன் உட்பட நாலு பொருளியலாளர்கள், சம்பளத்தில் ஒரு பங்கை அரசு கொடுத்துத் தொழிற்சாலைகளைத் தாங்கலாம் என்று எழுதினார்கள். வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கிற காசைவிட அது பெரிய செலவாக வராது என்பது அவர்கள் வாதம். நடக்கவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 1990 பெப்ரவரி 12. எதிர்ப்பு இயக்கங்களும் பழைய கட்சிகளும் கூடிய வட்டமேசையில், 'இப்போது சனநாயகம்' இயக்கத்தின் வொல்ஃப்காங் உல்மன் ஒரு யோசனை வைத்தார். மக்கள் சொத்து என்று 40 வருஷம் சொன்னீர்களே, அப்படியானால் அந்தச் சொத்தில் ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் பங்கு உண்டு. அதைப் பாதுகாக்க ஒரு பொறுப்பாட்சி நிறுவனம் வேணும் என்றார். ஜேர்மன் மொழியில் அதன் பெயர் ட்ரொய்ஹாண்ட். மே ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருந்தது: இரண்டுக்கு ஒன்று மாற்றத்தில் இழந்த சேமிப்புக்கு, முடிந்தால், பின்னொரு காலத்தில் மக்கள் சொத்தில் பங்குரிமை தரப்படலாம். "முடிந்தால்." அந்தச் சொல்லைக் கவனியுங்கோ. ஆருக்கும் ஒரு பங்கும் வரவில்லை.

ட்ரொய்ஹாண்ட் மட்டும் வந்தது, அதன் வேலை தனியார்மயம் என்று மாறி. 8,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், 40 இலட்சம் தொழிலாளர். 1994 முடிவில் அது கடையைச் சாத்தும்போது ஏறத்தாழ 25 இலட்சம் வேலைகள் இல்லை. விற்ற சொத்தில் மிகப் பெரும் பங்கு மேற்கு ஜேர்மனியர் கைக்குப் போனது. கிழக்கு ஆட்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 5 வீதம். 1990இல் அந்தச் சொத்தின் பெறுமதி 600 பில்லியன் மார்க் என்று அதன் தலைவர் ரோவெடர் மதிப்பிட்டிருந்தார். முடிவில் மிஞ்சியது 200 பில்லியனுக்கு மேற்பட்ட கடன். 1993இல் பிஷொஃபரோட என்ற ஊரின் பொட்டாஷ் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சுரங்கத்தை மூடவேண்டாம் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். நாடே பார்த்தது. சுரங்கம் அந்த வருஷ முடிவில் மூடப்பட்டது.

முதலில் வெளியே தள்ளப்பட்டவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேலை போனால் விடுதியும் போகும். 3,000 மேற்கு மார்க்கும் விமானச் சீட்டும் தந்து, போங்கோ என்றார்கள். பெரும்பாலானவர்கள் போனார்கள். இருந்தவர்களுக்கு 1991இல் ஹொயர்ஸ்வெர்டா, 1992 ஓகஸ்டில் றோஸ்டொக்-லிஷ்டன்ஹாகன்: வியட்நாமியர் இருந்த விடுதிக்கு நெருப்பு வைத்தார்கள், அயல்சனம் கைதட்டியது. "வேலை போன கோபம்" என்று இதற்கு விளக்கம் சொல்லுவார்கள். அந்த விளக்கத்தை ஏற்காதீங்கோ. முதலில் வேலை போனது அந்த வியட்நாமியருக்கு. அவர்கள் ஆரின் வீட்டையும் கொளுத்தவில்லை. அந்தத் தாக்குதல்களுக்குப் பிறகு அரசு செய்தது, 1993இல் அகதி உரிமைச் சட்டத்தைச் சுருக்கியது. அதன் விலையைக் கொடுத்தவர்களில் தமிழரும் அடக்கம்.

தாள்களுக்கு என்ன நடந்தது

ஏறத்தாழ 3,000 தொன் தாள். ஹால்பர்ஸ்டாட் நகருக்குப் பக்கத்து மலைக்குள் ஒரு சுரங்கத்தில் கொண்டுபோய்க் கொட்டி மூடினார்கள், தானாக உக்கிப்போகும் என்ற எண்ணத்தில். அந்தச் சுரங்கத்தை வெட்டியது ஆர் தெரியுமே? நாசிகளின் லாங்கன்ஸ்டைன்-ஸ்வீபெர்கெ வதைமுகாம் கைதிகள். தாள்கள் உக்கவில்லை. 2001இல் ஆட்கள் உள்ளே புகுந்து எடுத்து, சேகரிப்பாளர்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். ஒருபோதும் புழக்கத்துக்கு வராத 200, 500 மார்க் தாள்கள் சந்தையில் தலைகாட்டியதால்தான் களவு வெளித்தது. 2002இல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, குப்பை எரிக்கிற ஆலையில் வீட்டுக் குப்பையோடு சேர்த்து எரித்தார்கள். மேற்கு மார்க்கும் அந்த வருஷமே யூரோ நோட்டுகளுக்கு இடம் விட்டுப் போய்ச் சேர்ந்தது.

எங்களுக்கு என்ன

தோழர் கேட்ட கேள்விக்கு வாறன். காசு தாள்தான். ஆனால் அந்தத் தாள் மாறுகிற இரவில் மூன்று கணக்குகள் ஒரே நேரத்தில் எழுதப்படுகின்றன. சேமிப்புக்கு என்ன வீதம், கடனுக்கு என்ன வீதம், சொத்து ஆரின் பெயரில். 1990இல் சனம் முதலாவதுக்காகத் தெருவுக்கு இறங்கியது, ஓரளவு வென்றது. இரண்டாவது நிபுணர்களின் அறையில் முடிந்தது. மூன்றாவதை உல்மன் போன்ற ஒரு சிலர் கேட்டார்கள், பின்னால் கூட்டம் இல்லை. தோற்றது அங்கேதான். சனம் செல்லுகிற காசைக் கேட்டது பிழையில்லை. "அந்தக் காசோட தொழிற்சாலையும் எங்கட" என்று சொல்ல ஒரு அமைப்பு அந்த நேரத்தில் பலமாக இல்லாதது பிழை. அந்த வேலை இடதுசாரிகளின் வேலை.

நாலாவது ஒரு கணக்கும் இருக்கு, அது எழுதப்படுவதே இல்லை: மபூட்டோவில் நிற்கிற தொழிலாளி, விடுதியிலிருந்து துரத்தப்பட்ட வியட்நாமியர், 1985இல் ஷோனஃபெல்டில் திருப்பப்பட்ட தமிழர். எந்த வீதத்தில் மாற்றுவது என்று பேசின எந்த மேசையிலும் இவர்களுக்குக் கதிரை இல்லை. புலம்பெயர்ந்த ஆட்களாகிய நாங்கள் பொருளாதாரம் கதைக்கும்போது இந்த நாலாவதிலிருந்து தொடங்கவேணும் என்பது என் எண்ணம்.

அடுத்த சந்திப்புக்கு ஒரு வேலை தாறன். உங்கட வீட்டில், சொந்தக்காரரில், எண்பதுகளில் வந்தவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டு வாங்கோ: எந்த வழியால் வந்தீங்கள், அந்த வழிக்கு எந்தக் காசில் கொடுத்தீங்கள்? பெயர், ஊர் ஒன்றும் வேண்டாம், வழியும் காசும் மட்டும் காணும். அவற்றை ஒரு வரைபடத்தில் போட்டுப் பார்ப்பம். கேள்விகள் இருந்தால் இப்ப கேளுங்கோ.